முக்காட்டுக்குள் இருக்கும் முடி

மூக்கண்டப்பள்ளி,
வியாழக்கிழமை

அன்பு மகள் பிரின்ஸிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் உன் தங்கை லிபியாவும் நலம், நான் பாதி நலம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருக்க வேண்டும். கூர்ந்து பார்த்தால் என் கண்ணில் நீர் வடிகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், என் பேச்சையெல்லாம் பாடப்புத்தகம் மாதிரி திருத்திவிடுகிறாள், ஆனால் விஷயம் என்னுடையதுதான். பன்னிரண்டு நாளாக வீடியோவில் முகம் காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டாயே, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் புருவத்தை மேலே தூக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். நர்ஸான உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய் என்றுதான் கேட்கவில்லை.

கம்பெனி கேட்டில் இப்போது கார்டு கிடையாது, முகத்தைப் பார்த்துத்தான் மெஷின் உள்ளே விடுகிறது. என் புருவம் சரிந்து இமைமேல் உட்கார்ந்துவிட்டதால் தினமும் கண்ணைத் திறக்கச் சொல்லும், விரலால் நெற்றியை இழுத்துப் பிடித்தால் கையை எடுக்கச் சொல்லும், பின்னால் நாற்பது பேர் வரிசை. சூப்பர்வைசர் பிரதாப், உன் வயதுதான், இன்னாக்கா தூங்கிக்கினே ஷிஃப்டுக்கு வரீங்களா என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். பார்வையில் குறையில்லை, இது அழகுக்கான ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார். ஆமாம், அழகுக்கும்தான், உன்னிடம் மறைப்பானேன்.

நீ எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டிருப்பாய், கட்டுக்குள்ளே இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொள். முடிக்குள்ளே ஐந்து இடத்தில் சின்னதாக வெட்டினார்கள். வலி பெரிதில்லை, இறுக்கம்தான், பள்ளிக்கூடத்துக்கு உனக்கு இழுத்துப் பின்னிவிடுவேனே, அந்தப் பின்னலை நாள் கணக்காக அவிழ்க்காதது போல. மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன, பிறகு கன்னம்வரை கருநீலம். மூன்று தலையணையில் சாய்ந்துதான் தூக்கம், குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. உச்சந்தலை யாருடையதோ போல மரத்திருக்கிறது, ஆனாலும் அரிக்கிறது, சொறியப் போனால் அரிக்கும் இடம் கிடைப்பதில்லை, உணர்வு திரும்ப மாதக்கணக்காகுமாம். புருவம் இப்போது ரொம்ப மேலே நிற்கிறது, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தவள் போல எந்நேரமும் ஒரு திகைப்பு, சில வாரத்தில் படிந்துவிடுமாம். லிபியா டாக்டரைக் கேள்வி கேட்டே எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குத் தூக்கம் இல்லாமல் செய்வது. தையல் தெரியாமல் இருக்கத் தலையில் துணி சுற்றியிருந்தேன். பக்கத்து வீட்டு தேவமணி அக்கா, நம் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவி, வாசலில் அப்பாவைப் பிடித்து, ஏன் யேசுராஜு நம்ம சகாயம் தலையில துணி சுத்திக்கினு கீது என்று கேட்க, வேளாங்கண்ணிக்குப் போயி மொட்ட போட்டுக்கினு வந்தாக்கா என்று அப்பா வாயில் வந்துவிட்டது. சனிக்கிழமை அன்பியம் மொத்தமும், இருபது பேர், நம் வீட்டில் ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். முகத்துக் கருநீலம் தெரியாமல் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். நேர்ச்சை எதற்கு என்று யாரும் கேட்கக்கூட இல்லை, உனக்குக் குழந்தை வேண்டித்தான் என்று அவர்களே முடிவுசெய்துவிட்டார்கள். தேவமணி அக்கா என் தலையில் கை வைத்து, மாதாவே இந்தத் தாய் குடுத்த முடிக்குப் பதிலா பிரின்ஸி மடியில ஒரு புள்ளயக் குடும்மா என்று சத்தமாக அழுதார். அந்தக் கை எனக்குத் தெரியவே இல்லை, மரத்த தலை. இந்தப் பேச்சை யாரிடமும் எடுக்காதே என்று நீ சொன்னதை நான்கு வருடம் காப்பாற்றினேன், ஒரே நாளில் இருபது பேர் வாயில் போட்டுவிட்டேன்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், துணியை எடுத்தால் முடி தெரியும், எடுக்காவிட்டால் உன் பேரில் இன்னொரு ஜெபம். நெசமாவே மொட்ட போட்டுட்டா பொய்யி நெசமாயிடும்ல என்று அப்பா ரேஸர் வாங்கிவந்துவிட்டார். ஆறாத தையல்மேல் கத்தி படக் கூடாது என்று லிபியா நோட்டைக் காட்டிச் சண்டை போட்டாள். நான் மொட்டை வேண்டாம் என்றது புண்ணுக்காக இல்லை பிரின்ஸி, உன் துயரத்தை என் தலைக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டேன், அதை மேலும் இறுக்கிக் கட்டமாட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் துணியில்லாமல் தேவமணி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், அவர் திட்டட்டும். அதற்குள் யாராவது உன்னை அழைத்து விசேஷம் உண்டா என்று கேட்டால், என்னைக் காப்பாற்ற எதையும் சொல்லாதே, அம்மா அழகுக்காக ஆபரேஷன் செய்துகொண்டாள் என்றே சொல்லிவிடு.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் கையணைப்பில் வைத்துக்கொள்ளட்டும். சாப்பிடாமல் ட்யூட்டிக்குப் போகாதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
சகாயமேரி

எழுதியவள் லிபியா. ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவோடு போகிறேன் அக்கா.