படி தெரியும் நேரத்துத் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இருமல்கூட அடங்கிவிட்டது, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது நீ என்னிடம், "ஆறு எப்பவாவது திரும்பி வருமாம்மா?" என்று கேட்டாய். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும், திரும்பாது என்று படம் போட்டுக் காட்டினேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனடி.

கொஞ்ச நாளாக நம் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, வாசல் ரோஜாவின் இலை ஓரமெல்லாம் கருகிக் கிடக்கிறது. மனசு கேட்காமல் நேற்றுக் காலை ஆற்றுப் பாலம் வரை நடந்தேன். கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கழிமுகத்துப் பக்கமிருந்து மேல்நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கடல் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தடிப் படித்துறையில் உன் மாமா உட்கார்ந்திருந்தான். மூன்று வருடமாக வாரம் தவறாமல் உன் ஆபீசுக்குச் சோதனைக்கு ஆற்றுநீர் பிடித்து அனுப்புகிறவன் அவன்தானே. ஏன்டா சும்மா இருக்கே என்றேன். "மேல்படி வரைக்கும் தண்ணி நிக்குதுக்கா. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நீந்தி எடுக்க நான் என்ன மீனா? வடிஞ்சு படி தெரிஞ்சதும் எடுப்பேன்" என்றான். எப்பவும் இப்படித்தானா என்றேன். "ஒரு தடவைகூட வழுக்கி விழுந்ததில்லையே!" என்றான் பெருமையாக.

புரிகிறதா கண்ணு? வடியும்போது மேலிருந்து வருவது நல்ல தண்ணீர். கடல் ஏறும்போது வருகிற தண்ணீர் ஒரு துளிகூட உன் மேஜைக்கு வந்ததில்லை. கை தூக்கும் பிள்ளைகளிடம் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு, வகுப்பே தேறிவிட்டது என்று எழுதியதுபோல. பாலத்திலிருந்து கயிற்றில் வாளி இறக்கி அப்போதே மொண்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அங்கேதான் ஊருக்கே குடிநீர் எடுக்கப் போகிறார்கள். உப்பு ஏறாத இடம் என்று சொல்லும் அறிக்கையில் உன் கையெழுத்து இருக்கிறது. அடுத்த மாதம் குழாய் திறப்பு. "இனிமே பிள்ளைங்களுக்குப் பால்மாவு கரைக்கத் தண்ணி வாங்க வேணாம் டீச்சர்" என்று பக்கத்து வீட்டுக்காரி தன் இரட்டைக் குழந்தைகளைக் காட்டிச் சிரிக்கிறாள், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் உன் வேலை போய்விடுமோ என்று அப்பா பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். ஆனாலும் அந்தக் குழாயைத் திறக்க விடாதே.

மாமாவைத் திட்டாதே, ஏறும் நேரத்திலும் எடு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், தைரியமாக இரு. இதைப் படித்ததும், தண்ணீரோடு மாமா எழுதி அனுப்பிய தேதியையும் நேரத்தையும் எடுத்து, கடல் ஏறி இறங்கும் அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, வரிவரியாக ஒத்துப் பார்.

உன் அம்மா