இன்றைய குழம்பில் உப்பு

என்னங்க,

ஆறு மாதத்துக்கொரு முறை எடுக்கும் ஸ்கேனுக்கு உப்பளம் ஆஸ்பத்திரி வரை போய்வருகிறேன். தாலிச்சங்கிலி பீரோவில் இருக்கிறது. ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாதென்று மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன்; பதறாதீர்கள்.

தலைக்குள் இருப்பது புற்றுநோய்க் கட்டி இல்லை, வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து நீங்கள் என்னைத் திட்டுவதே இல்லை. நேற்று ரசத்தில் இருமுறை உப்புப் போட்டேன். பேசாமல் குடித்துவிட்டு என் நெற்றியையே பார்த்தீர்கள். முன்பென்றால், “கடல் தண்ணிய மொண்டு வச்சியா, ரஞ்சிதம்?” என்றிருப்பீர்கள்.

அதனால் இன்றைய மீன்குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு, நான் வந்ததும் நன்றாகத் திட்டுங்கள்.

பி.கு.: கிளம்பும்போது குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருக்கிறது. எப்போது போட்டேன் என்று நினைவில்லை. இதற்கும் சேர்த்துத் திட்டுங்கள்.