பாரிஸ் மாப்பிள்ளைக்குப் பிரெஞ்ச் சாப்பாடு

ஈஸ்ட் ஹாம்,
13.5.1991

றோஸ்மலரின்ரை அப்பாவுக்கு,

மாதாவின்ரை துணையால் நானும் மகளும் சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? மஸ்கற் வெயிலுக்குள்ளே தொப்பி இல்லாமல் திரியாதேங்கோ.

நேற்றுப் பூசை முடிய, பாரிஸ் ஆக்கள் பெண்பார்க்க வந்தவை. மாப்பிள்ளை ஜெரோமும் தாய் பியற்றிஸும். முந்தி வந்த ரெண்டு சம்பந்தமும் இவளின்ரை வாயாலைதானே குழம்பினது! இந்தமுறை வாயே திறக்கக்கூடாது எண்டு சொல்லி வைச்சனான்.

பாரிஸில் இருக்கிறவைக்குச் சோறு கறி பிடிக்காதாக்கும் எண்டு, கடையில் பிரெஞ்ச் எண்டு பேர் போட்டிருந்த எல்லாத்தையும் வாங்கினன். பிரெஞ்ச் ஃபிரைஸ், பிரெஞ்ச் பீன்ஸ், சலட்டுக்குப் பிரெஞ்ச் டிரெசிங். பிரெஞ்ச் டோஸ்டும் சுட்டு வைச்சன். பியற்றிஸ் மேசையைப் பார்த்துப்போட்டு, மீன்குழம்பு இல்லையோ எண்டு கேட்டா. எனக்கு வெட்கக்கேடு!

மாப்பிள்ளை அங்கே ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் சமையல் வேலை. இதுகளில் ஒண்டையும் அங்கே பிரெஞ்ச் எண்டு சொல்லுறேல்லை எண்டு சிரிச்சார். டோஸ்ட்டுக்கு அங்கத்தைப் பேர் 'வீணாய்ப்போன பாண்' ஆம். காய்ஞ்ச பாணை எறியாமல் பாலிலும் முட்டையிலும் தோய்ச்சுச் சுடுறதாலே அந்தப் பேர். கிழங்குப் பொரியலைப் பெல்ஜியம்காரர் தங்கடை எண்டு சொல்லுறவையாம்.

தொடங்கினாள் உங்கடை மகள்! பெல்ஜியம்காரர் சொன்னால் போதுமோ, அத்தாட்சி எங்கே எண்டாள். பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்த சாமான் எண்டாள். நான் மேசைக்குக் கீழே அவளைக் காலாலே தட்டினால், பட்டது பியற்றிஸின்ரை கால்! மாப்பிள்ளையும் விடேல்லை. இங்கத்தைக் கஸ்ரட் மாதிரி ஒண்டை நாங்கள் 'இங்கிலீஷ் கிறீம்' எண்டுறம், நீங்கள் இங்கே அப்பிடியோ சொல்லுறியள் எண்டு கேட்டார். பிறகு ரெண்டுபேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நான் மட்டும், இதுவும் போச்சு எண்டு குந்தியிருந்தன்.

வெளிக்கிடேக்கை பியற்றிஸ் என்ரை கையைப் பிடிச்சா. வீட்டிலே வாய் திறவாத என்ரை மகன், இவ்வளவு கதைச்சதை இண்டைக்குத்தான் கண்டன், எங்களுக்குப் பூரண சம்மதம் எண்டா. இஞ்சேருங்கோ, நான் சந்தோசத்திலே அழுதுபோட்டன்.

ஒரு வழக்கு மட்டும் மிச்சம். நாங்கள் கிண்டுற மஸ்கற் எண்ட இனிப்பை அங்கே மஸ்கற்றில் என்னெண்டு சொல்லுறவை எண்டு ரெண்டுபேருக்கும் வாக்குவாதம். மஸ்கற்றில் இருக்கிற மாமா வந்து தீர்ப்புச் சொல்லட்டும் எண்டுபோட்டார் மாப்பிள்ளை.

கலியாணம் புரட்டாதியில். சின்னனிலே கோயிலில் அவள் முதல்நன்மை வாங்கின அண்டைக்கும் நீங்கள் இல்லை. கோயில் வாசலிலிருந்து கைபிடிச்சுக் கூட்டிவர வேறை ஒருத்தரையும் நான் கேட்கமாட்டன். லீவு இல்லை எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ, அப்பா.

உங்கடை வரவுக்கு மாதாவை மன்றாடும்,
இம்மாகுலேற்