டிரேப்டு என்றால் தொங்குவது

கொல்லம் ஆண்டு 1113, துலாம் 12, வலியசாலை

காலேஜ் இங்கிலீஷ் டீச்சரை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ‘டிரேப்டு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் விளக்க, என்னை மேடையில் ஏற்றிப் பொம்மை மாதிரி சுற்றிக் காட்டினாள். வகுப்பே என் மடிசாரைப் பார்த்துச் சிரித்தது.

“இது தொங்கலே டீச்சர், கச்சம் வெச்சு இறுக்கிக் கட்டினது. உங்க தோள்லேர்ந்து மடிப்பு மடிப்பாத் தொங்கறதே, பாடம் நடத்தறச்சே போட்டுக்கற கறுப்பு அங்கி, அதுதான் டிரேப்டு” என்றேன். சிரிப்பு நின்றது.

மன்னிப்புக் கேட்காமல் வகுப்புக்குள் நுழையக் கூடாதாம். ஆத்துக்காரரும், “ஒரு வார்த்தை கேட்டுட்டாத் தீர்ந்துது, உனக்கென்ன வீம்பு?” என்கிறார். நான் சொன்ன அர்த்தம் தப்பென்று மட்டும் அவளும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை.

கேட்கப் போவதில்லை. நாளைக்கு இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு போகிறேன்.