கூரையில் வெயில் பிடிக்கிறோம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிப்பயலுக்கு மூச்சிழுப்பு வராமல் இருக்கிறதா என்பதை முதலில் எழுது. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ குறுக்கே புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுசும் படித்துவிட்டு அப்புறம் பேசு.

நம் வீட்டுக் கூரையில் சோலார் பலகைகள் ஏறிவிட்டன! கரண்டுக் கம்பம் நம் வீட்டுக்கு எட்டாமல் தெருமுனையிலேயே நின்றுபோனதே, இனி அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அப்பாவைப் பார்க்கணுமே நீ, பேட்டரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் சின்னத் திரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், காப்பி கூட அங்கேதான். வெயில் உச்சிக்கு வந்தால் போதும், வாஷிங் மெஷினைப் போடு, இஸ்திரியை முடி என்று என்னை விரட்டுகிறார், ஒரு மேகம் வந்தால் முகம் தொங்கிப்போகிறது. இத்தனை வருஷமாக மிதித்த என் தையல் மெஷினுக்கும் மோட்டார் மாட்டியாயிற்று, பள்ளிச் சட்டைகளை மளமளவென்று முடித்துத் தள்ளுகிறேன். ஒரு கூத்தும் நடந்தது, சிரிக்காதே. மிக்ஸிக்கு, டிவிக்கு எல்லாம் உறை தைக்கிறவள் புது இன்வெர்ட்டரை மட்டும் சும்மா விடுவேனா? ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, பூப்போட்ட துணியில் அழகாக ஓர் உறை தைத்துப் போட்டேன். நல்ல வெயிலில் படக்கென்று எல்லாம் நின்றுவிட்டது. ஓடி வந்த எலக்ட்ரீஷியன் பெண் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! காற்று இல்லாமல் சூடேறி நின்றுவிட்டதாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லி என் மானத்தை வாங்குகிறார் உன் அப்பா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை ஜெனரேட்டர் புகையில் குட்டிக்கு மூச்சு இழுத்து, நீ பாதியிலேயே பெட்டியைக் கட்டினாயே, அதற்கப்புறம் லீவு இல்லை, வேலை அதிகம் என்று நீ சொன்னதெல்லாம் எதனால் என்று எனக்குத் தெரியாதா? கோபமில்லை கண்ணு, உன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அவன் நடக்கத் தொடங்கியதைக் கூட ஃபோனில் பார்க்கவேண்டி வந்ததே, அந்த வேதனை சொல்லி முடியாது. இருந்தாலும் சோலார் வந்ததும் உன்னை அவசரப்பட்டுக் கூப்பிடவில்லை. வெயிலில் ஓடுவது பெரிதில்லை, மழையில் கைவிட்டுவிட்டால்? போன வாரம் அடைமழை, சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மழையின் கடைசி நாள் சாயங்காலம், குட்டிக்கு மூச்சிழுத்தால் மருந்துப்புகை வைக்க என்று மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த நெபுலைசரை எடுத்து, மருந்தில்லாமல் வெறும் சலைன் தண்ணீரை ஊற்றி, மாஸ்க்கை என் முகத்திலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குட்டிக்கு எவ்வளவு நேரம் வைப்பாயோ அதற்கு இரண்டு மடங்கு வைத்தேன். அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெஷின் கொஞ்சம் கூடத் திணறவில்லை, பேட்டரியிலும் இன்னும் மிச்சம் இருந்தது. உனக்கு எழுதச் சொன்னார். மறுநாள் காலையில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பழைய இரும்புக்காரரை வரவழைத்து ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவிட்டார். அவசரத்துக்கு ஒன்று இருக்க வேண்டாமா என்று நான் கத்தினேன். "அது இருக்கிற வரைக்கும் புள்ள வராதும்மா" என்றார். வண்டி போக நானே கேட்டைத் திறந்துவிட்டேன்.

அதனால் டிக்கெட் போடு. அவன் மருந்துகளை மறக்காதே, உன் முடி உலர்த்தும் மெஷினை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா, அது பேட்டரியைக் குடிப்பதைப் பார்த்தால் அப்பாவுக்கு நெஞ்சு தாங்காது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருங்கள். ஜெனரேட்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் போகமாட்டேன் என்கிறது, அவன் தவழ்ந்தாலும் ஓடினாலும் ஒட்டக்கூடாது என்று அப்பா தினமும் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா