புல்தரையில் இரண்டு தேர்தல் பலகைகள்

ஒக்ரோபர் 9, வெள்ளி

ரொறன்ரோவில் வேலை முடிந்து வந்த மகள் வாசலிலேயே கத்தினாள். வீட்டு முன் புல்லில் இரண்டு பலகைகள். நகரசபைத் தேர்தலில் எதிரெதிராக நிற்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுடையவை.

“அப்பா, ரெண்டு போர்டையும் ஏன் வைக்க விட்டனீங்கள்? நீங்கள் ஆருக்குத்தான் சப்போர்ட்?”

“கேட்டு வந்த பிள்ளையளுக்கு எப்பிடி மாட்டன் எண்டுறது?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது! அவர்கள் தந்த துண்டுப் பிரசுரங்களை நான் படிக்கவேயில்லை.

எனக்கும் என்மேல் எரிச்சல்தான். இருபது வயதில் ஊரில், வேறு விடுதலை இயக்கத்தை ஆதரித்தான் என்று சொந்த அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். அவனுடைய செத்தவீட்டுக்கும் போகவில்லை. இன்று முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு, “ஓம் தம்பி, வையுங்கோ” என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.