கல் மிஷின் ஊர்களில் அதிகப்படியாய்ச் செத்தவர்கள்

ஆசை அண்ணாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. முதலில் ஒரு சேதி. கேட்டால் சிரிப்பீர்கள். உங்கள் சாவைப் பதிந்துகொள்ள நோட்டும் கையுமாக ஒருவர் விழுப்புரம் வீட்டுக்கு வந்தார். பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு, "என்ன நோவும்மா?" என்றார். டைபாய்டு என்றேன். "ஜுரம்னு போட்டுக்கறேன்" என்று பேனாவை ஊன்றினார்.

"போடாதீங்க. டைபாய்டுன்னே எழுதுங்க."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணு இல்லீங்க. ஜுரம்கற அந்த ஒரு வார்த்தையோட எங்க அண்ணன் பத்து வருஷமா சண்டை போட்டுக்கினு இருந்தவரு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சொன்னபடி எழுதினார். வயது முப்பத்தொன்பது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனம் தாலுகா ஆபீசில் உங்கள் வேலை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு ஊர் மணியக்காரரும் மாதாமாதம் அனுப்பும் ஜனன மரணக் காகிதங்களைக் கூட்டி, கடலூர் ஜில்லா ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது சென்னைக்குப் போகும். மாகாணம் முழுக்க எத்தனை பேர் செத்தார்கள் என்று தடித் தடியாக ஒரு அறிக்கை அச்சாகி வரும். கூட்டச் சொன்னார்களே தவிர, யாரும் உங்களைப் படிக்கச் சொல்லவில்லை. நீங்கள் படித்தீர்கள்.

அப்போது நான் கல்யாணமாகி, திருவக்கரைக்குப் போகிற வழியில் இருக்கும் குவாரிக்குப் பக்கத்து ஊரில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே கல் உடைக்கும் மிஷினில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் திண்டிவனம் வந்தால் மத்தியானம் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒரு ஞாயிறு, கேப்பைக் களியைத் தட்டிலேயே ஆறவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அற்புதம், உங்க ஊர்ப் பக்கம் ஏன் வயசுப் பசங்களா சாவுறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் மூன்று இழவு வீட்டுக்குப் போய் வந்திருந்தேன். மூன்றிலும் தாலி அறுத்தவள் என் வயதுக்காரி. அம்மனுக்குக் கோபம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். "அம்மனா இருந்தா ஆம்பளைங்களை மட்டுமா பாத்துப் புடிக்கும்?" என்றீர்கள்.

பழைய ஆபீஸ் காகிதங்களின் பின்பக்கத்தில் நீங்கள் போட்ட கட்டங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. முதலில் குழந்தைகளை ஒதுக்கினீர்கள். கிழவர்களை ஒதுக்கினீர்கள். இருபதிலிருந்து நாற்பதுக்குள் இருந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிரித்தீர்கள். குவாரிக்கு மிஷின் வருவதற்கு முன்னால் ஒரு வருஷத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தீர்கள். அது எப்போதும் நேருகிற சாவு. இப்போது நடப்பதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதற்கு "அதிகப்படி" என்று பெயர் வைத்தீர்கள். நான் ஊர் பெயரைப் படிக்கப் படிக்க நீங்கள் எழுதிக்கொண்டே வந்தீர்கள். குவாரியைச் சுற்றின ஆறு ஊர்களில் ஆண்கள் கட்டத்தில் மட்டும் அதிகப்படி. அதே வீட்டில், அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பெண்கள் கட்டத்தில் ஒன்றுமில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே துள்ளிக் குதித்திருப்பார்கள். நீங்கள் அன்று சாயங்காலம் முழுவதும் உங்கள் கணக்கு தப்பாக இருக்க என்னென்ன வழி உண்டு என்றுதான் யோசித்தீர்கள். காலரா வந்த வருஷத்தை எடுத்துவிட்டுப் பார்த்தீர்கள். மணியக்காரர்கள் ஒழுங்காக எழுதினார்களா என்று பார்க்க, லீவு போட்டு ஆறு ஊருக்கும் நடந்தீர்கள். ஒரு மணியக்காரர் உங்களை வாசலுக்கு வெளியிலேயே வெயிலில் நிறுத்திவைத்தார். சேரியிலிருந்து படித்து வந்த குமாஸ்தா அவர் வாசற்படி ஏறக்கூடாது அல்லவா? எல்லாருக்கும் ஜுரம் என்றே எழுதியிருக்கிறதே என்று நீங்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை என்னிடம் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினீர்கள்: "செத்தவன் செத்துட்டான். என்ன நோவுன்னு நான் வயித்தைக் கீறியா பாக்க முடியும்?"

வெயிலில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். அதை எனக்குச் சொன்னது அந்த ஊர்க்காரி ஒருத்தி.

ஆனால் பதிவேட்டில் செத்தவன் என்ன வேலை செய்தான் என்று இல்லை. அதற்கு என் வீட்டுக்காரரைக் கேட்டீர்கள். அவர் அன்று உங்களோடு போட்ட சண்டை!

"மச்சான், உங்களுக்குக் காகிதத்துலதான் ஆளுங்களைத் தெரியும். கல்லு எங்களுக்குச் சோறு போட்டுக்கினு இருக்குது. யுத்தத்துக்கு ரோடு போட, ரயிலு போடன்னு வண்டி வண்டியா கேக்கறாங்க. இப்ப போய் மிஷினை நிறுத்துன்னா எவன் கேப்பான்?"

நீங்கள் எதிர்வாதம் பேசவில்லை. "நான் பேரைப் படிக்கிறேன் மாப்ளே. யாருன்னு மட்டும் சொல்லுங்க," என்றீர்கள். படித்தீர்கள். "இவன் மிஷின்ல ஜல்லி விழுற வாயில நின்னவன்." அடுத்த பெயர். "இவனும் அங்கதான்." அடுத்தது. "இவன் எனக்குக் கீழ இருந்தான். கல்யாணத்துக்குக்கூடப் போனேனே." அப்புறம் அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பாதியில் உங்கள் கையிலிருந்த காகிதத்தை வாங்கித் தானே மீதியைப் படித்தார். முடித்துவிட்டு, "வெளிய கல்லு ஒடைக்கிறவன் எவனும் இதுல இல்ல மச்சான். எல்லாம் மிஷின் தூசியில நின்னவனுங்க," என்றார். அப்போதே இருமினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

மறுநாளிலிருந்து அவர் மிஷினுக்குப் போகவில்லை.

நீங்கள் மேலதிகாரிக்கு எழுதினீர்கள். வந்த பதில், விழுப்புரத்துக்கு மாற்றல். யாருக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது நமக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் மேலதிகாரி சொன்னது மட்டும் தெரியும்: "வெளியூர்லேருந்து ஆம்பளைங்க நெறைய வேலைக்கு வந்துட்டாங்க. ஆளு கூடுனா சாவும் கூடும். கூட்டறவனுக்கு எதுக்குய்யா இந்தப் பேஜாரு?"

மூட்டையும் முடிச்சுமாக உங்களை ரயிலேற்றிவிட்ட அன்று நான் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். நீங்கள் ஜன்னல் வழியாகச் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. "அவரு கேட்டது நல்ல கேள்விதான் அற்புதம். பதில் விழுப்புரத்துல இருக்கும்."

இருந்தது. ஜங்ஷனைச் சுற்றி வெளியூர் ஆண்கள் எத்தனையோ பேர் வந்து குடியேறியிருந்தார்கள். கரி அள்ளுவதும் தண்டவாளம் தூக்குவதும் லேசான வேலையா? நீங்கள் ஆறு ஊரிலும் அங்கேயும் நூறு ஆண்களுக்கு எத்தனை சாவு என்று பார்த்தீர்கள். அதே வயது, அதே வருஷங்கள். ஜங்ஷனில் அதிகப்படி இல்லை. மாகாண அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் விழுப்புரம் ஒத்துப்போனது. அந்த ஆறு ஊர்கள் மட்டும் ஒத்துப்போகவில்லை. உங்களைத் தண்டிக்க அனுப்பிய இடத்திலேயே உங்கள் சாட்சி உட்கார்ந்திருந்தது.

இந்த முறை ஜில்லா சுகாதார அதிகாரிக்கே எழுதினீர்கள். இரண்டு வருஷம் பதிலில்லை. மூன்றாவது மனுவுக்கு அவரே வந்தார். குவாரி ஆட்களின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். மிஷின் வாயில் நின்று அரை மணி நேரம் தூசி தின்றார். என் வீட்டுக்காரர் அவரிடம் எல்லாப் பெயரையும் ஒப்பித்தார். குவாரி மூடவில்லை. ஆனால் மிஷினுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. கல் நனைந்த பிறகே உள்ளே போக வேண்டும் என்று உத்தரவானது. இருமுகிறவர்களை லாரிக்குக் கல் ஏற்றும் பக்கம் மாற்றினார்கள். செத்தவர்கள் வீட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அது உங்களைக் கடைசிவரை அரித்தது.

வருஷா வருஷம் ஆறு ஊர்க் கட்டங்களையும் நீங்கள் விடாமல் போட்டு வந்தீர்கள். அதிகப்படி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. போன தையில் எனக்குக் கடிதம் எழுதினீர்கள்: "ஆறு ஊரும் மத்த ஊர் மாதிரி ஆயிடுச்சு." அவ்வளவுதான். உங்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை. அதைப் பற்றி ஒருமுறையாவது வருத்தப்பட்டிருப்பீர்களா? என்னிடம் சொன்னதில்லை.

உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், இப்போது திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இருமல் இருக்கிறது. ஆளும் இருக்கிறார். நேற்று எங்கள் பெரிய மகளோடு சண்டை போட்டுவிட்டு, அவளையே மல்லாட்டைக் கடலை உரித்துத் தரச் சொல்லித் தின்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அண்ணா, உங்களிடம் சொல்லாத சேதி ஒன்று இருக்கிறது. நீங்கள் படுக்கையில் இருந்தபோது சொல்ல மனம் வரவில்லை. இப்போது குவாரியில் பொடிக் கல் சலிக்கப் பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள். சலிப்பது காய்ந்த கல்லை. குழாய்த் தண்ணீர் அங்கே எட்டாது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார்கள். இரண்டு பேருக்கு இருமல் தொடங்கிவிட்டது.

உங்கள் மாதிரி வகுத்துப் பார்க்க எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் கொடுத்தவள்தானே? ஆனால் சாவு வந்து கட்டத்தில் விழும்வரை நான் காத்திருக்கப்போவதில்லை. வருகிற திங்கட்கிழமை, ஆறு ஊரில் முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். சலிக்கப் போகிற ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய், எத்தனை வருஷமாகப் போகிறாள், எப்போதிலிருந்து இருமுகிறாள் என்று அவள் வாயாலேயே கேட்டு எழுதுவேன். உங்கள் மாப்பிள்ளையும் வருகிறேன் என்கிறார். அதை எடுத்துக்கொண்டு கடலூருக்கு எத்தனை தடவை போக வேண்டுமோ அத்தனை தடவை போவேன். அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கும்போதே போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் கூடப் பிறந்த தங்கை,
அற்புதமேரி
திண்டிவனம்